பானையும் பந்தும்

உல்லாஸ்நகரில் நம்மவர் வீடுகள் சிலவற்றில் ஐப்பசி பிறந்தால் ஒரு வழக்கு தொடங்கும். தை மாதம் வரை அது தீராது. வாதி பெரும்பாலும் வீட்டு அம்மாள். பிரதிவாதி கல்லூரியில் படிக்கும் பிள்ளை. சில வீடுகளில் அவனைப் பெற்ற தகப்பனாரே. வழக்கு இதுதான்: நாளைக்குப் பண்டிகை, இன்று மாலை அந்தேரியில் கால்பந்து ஆட்டம். போகலாமா, கூடாதா?

2014ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் தேதி இந்தியன் சூப்பர் லீக் தொடங்கிய நாளிலிருந்து இந்த வழக்கு சூடு பிடித்தது. முதல் பருவம் டிசம்பர் 20 வரை நடந்தது. தீபாவளி அதற்குள் வந்தது. பிறகு பருவம் நீண்டபோது தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் மூன்றுமே ஆட்ட அட்டவணைக்குள் அகப்பட்டுக்கொண்டன. மும்பை சிட்டி அணி முதல் இரண்டு பருவங்களில் நெருலில் உள்ள டி.ஒய். பாட்டீல் மைதானத்தில் ஆடியது. 2016இல் அந்தேரிக்கு மாறியது. உல்லாஸ்நகர்க்காரருக்கு இரண்டும் தூரம்தான். நெருலுக்குத் தானேயில் மாற வேண்டும். அந்தேரிக்குத் தாதரில் மாற வேண்டும். மாலை ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் ஒன்பதரைக்கு முடிந்தால், வீடு வந்து சேர நள்ளிரவை நெருங்கும். ஆட்டம் இரண்டு மணி நேரம் என்று பிள்ளை சொல்வான். ஏழு மணி நேரம் என்று அம்மா சொல்வாள். கடிகாரத்தைப் பார்த்தால் அம்மா சொல்வதே சரி.

இது இன்றைய இளைஞர்களின் புதிய வியாதி என்று பெரியவர்கள் சிலர் அலுத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல. பண்டிகைக்கும் பந்துக்கும் இடையே தமிழ்க் குடும்பங்கள் அல்லாடிய கதை நூறு ஆண்டுப் பழசு. அன்று பந்து கிரிக்கெட் பந்தாக இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சென்னையின் பொங்கல் ஆட்டம்

சென்னையில் இந்தியர் அணியும் ஐரோப்பியர் அணியும் மோதும் ஆட்டத்துக்கு வித்திட்டவர் புச்சிபாபு நாயுடு. 1908இல் அவர் காலமானார். ஆனால் அவர் போட்ட வித்து முளைத்தது. 1915-16 முதல் அது முதல்தர ஆட்டமாகக் கணக்கில் சேர்ந்தது. 1951-52 வரை நடந்தது. பிரெசிடென்சி மேட்ச் என்று பெயர். ஊரார் வாயில் அது பொங்கல் மேட்ச். சேப்பாக்கத்தில் பொங்கலை ஒட்டி அது நடக்கும்.

ஏன் பொங்கல்? இரண்டு காரணங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை சென்னை மைதானங்களை ஊற வைத்துவிடும். ஜனவரி பிறந்தால்தான் தரை காயும். வெயிலும் மிதமாக இருக்கும். இரண்டாவது, ஆட்டம் பார்க்க ஆள் வேண்டும். ஆளுக்கு விடுமுறை வேண்டும். ஆபீசும் கோர்ட்டும் மூடியிருக்கும் நாள் பொங்கல்தான். ஆக, ஆட்டம் நடத்தியவர்கள் தேடியதும் விடுமுறை. குடும்பம் கூடத் தேடியதும் அதே விடுமுறை. ஒரே தண்டவாளத்தில் இரண்டு வண்டிகள்! சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. யாருடைய கெட்ட புத்தியும் அதற்குக் காரணமில்லை.

பிரெசிடென்சி மேட்ச் நின்ற பின் அந்த இடத்தை டெஸ்ட் ஆட்டம் பிடித்துக்கொண்டது. 1956 முதல் 1965 வரை சென்னை டெஸ்டுகள் சென்ட்ரல் ஸ்டேஷனை அடுத்த கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் நடந்தன. அங்கே 1960, 1961, 1962, 1964 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் ஜனவரி மாதப் பொங்கலையொட்டி டெஸ்ட் வந்தது. 1962இல் இங்கிலாந்தை 128 ஓட்ட வித்தியாசத்தில் வென்று, அந்த நாட்டுக்கு எதிரான முதல் தொடர் வெற்றியை இந்தியா பெற்றது அங்கேதான். 1964இல் நம் பம்பாய் அணியின் பாபு நட்கர்ணி தொடர்ந்து 21 ஓவர்கள் ஒரு ஓட்டமும் கொடுக்காமல் வீசினார். 32 ஓவரில் அவர் கொடுத்தது மொத்தம் ஐந்தே ஓட்டம். அந்த இடைவேளையில் ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பொங்கல் அரிசியைக் கல் பொறுக்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பியிருந்தால்கூட ஸ்கோர் போர்டில் பெரிய மாற்றம் ஏதும் கண்டிருக்க மாட்டார்.

அதே ஸ்டேடியம் பிற்காலத்தில் புதிதாகக் கட்டப்பட்டு ஜவஹர்லால் நேரு ஸ்டேடியமாக நிற்கிறது. 2014இல் சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணி தன் சொந்த மைதானமாக ஏற்றது அதைத்தான். ஆகவே பொங்கலோடு போட்டி போட்ட இடம் என்ற வகையில் கிரிக்கெட்டுக்கும் கால்பந்துக்கும் அங்கே ஒரே மண்தான்.

ஓய்வு நாள் செய்த உபகாரம்

1967 ஜனவரியில் டெஸ்ட் மீண்டும் சேப்பாக்கத்துக்கு வந்தது. எதிரணி வெஸ்ட் இண்டீஸ். முதல் நாள் ஜனவரி 13, போகி. மாட்டுங்காவை ஒட்டிய தாதர் பார்சி காலனியில் வளர்ந்த ஃபரூக் எஞ்சினியர் அன்று மதிய உணவு இடைவேளைக்குள் 94 ஓட்டங்கள் குவித்தார். போகிக்கு வீட்டில் பழையது எரிந்தது. மைதானத்தில் பந்து வீச்சாளர்கள் வயிறு எரிந்தது!

அந்த டெஸ்டின் ஆட்ட நாட்களைப் பாருங்கள்: ஜனவரி 13, 14, 15, 17, 18. நடுவில் 16 இல்லை. 1982 ஜனவரியில் இங்கிலாந்து வந்தபோதும் அதே நாட்கள். 1985இல் மறுபடி இங்கிலாந்து வந்தபோதும் அதே நாட்கள். இந்த மூன்று ஆண்டுகளிலும் பொங்கல் 14ஆம் தேதி. அப்படியானால் 16 காணும் பொங்கல். மூன்று நாள் ஆட்டத்துக்குப் பின் ஒரு நாள் ஓய்வு என்பது அன்றைய டெஸ்ட் வழக்கம்; போகியன்று தொடங்கிய ஆட்டத்துக்குக் காணும் பொங்கலில் ஓய்வு தானாக வந்து விழும்.

காணும் பொங்கல் என்றால் என்ன? பெரியவர்களைப் போய்க் காணும் நாள். உற்றார் உறவினரைப் பார்த்து ஆசி வாங்கும் நாள். அந்த ஒரு நாளை ஆட்டம் குடும்பத்துக்கு விட்டுக் கொடுத்தது. சேப்பாக்கத்தில் மூன்று நாள் தொண்டை வற்றக் கத்தியவர் நான்காம் நாள் சலவை வேட்டி கட்டிக்கொண்டு மாமனார் வீட்டில் சாப்பிட உட்காரலாம். 17ஆம் தேதி காலை பழையபடி வரிசையில் நிற்கலாம். பண்டிகையும் முழுசு, பந்தும் முழுசு.

மற்ற நாட்களுக்கும் வழி இருந்தது. 1982 பொங்கலன்று என்ன நடந்தது தெரியுமா? அது ஆட்டத்தின் இரண்டாம் நாள். குண்டப்பா விஸ்வநாத்தும் யஷ்பால் சர்மாவும் காலையிலிருந்து மாலை வரை ஆடினார்கள். நாள் முழுவதும் ஒரு விக்கெட்டும் விழவில்லை. விஸ்வநாத் முடிவில் 222, யஷ்பால் 140. நல்ல நேரம் பார்த்துப் பானை வைத்து, பொங்கி, சூரியனுக்குப் படைத்து, சாப்பிட்டு, மெதுவாக வெற்றிலை போட்டுக்கொண்டு மதியம் மைதானத்துக்குப் போனவரும் அதே இருவரைத்தான் கண்டார். அவசரப்பட்டு விடியற்காலையில் ஓடியவர் கூடுதலாகக் கண்டது ஓட்டங்களை மட்டுமே. 1985இல் கதை வேறு. அந்த முறை பொங்கியது இங்கிலாந்தின் ஓட்டக் கணக்கு. ஃபவுலர் 201, கேட்டிங் 207. அந்த ஆட்டத்தில் சீக்கிரம் வீடு திரும்பியவர் புத்திசாலி.

1988 ஜனவரியில் நரேந்திர ஹிர்வானி தன் முதல் டெஸ்டிலேயே வெஸ்ட் இண்டீசின் 16 விக்கெட்டுகளை 136 ஓட்டங்களுக்கு வீழ்த்தினார். சேப்பாக்கம் கண்ட கடைசிப் பொங்கல் வார டெஸ்ட் அதுதான். அதற்குப் பிறகு சென்னையில் டெஸ்டுகள் பிப்ரவரி, மார்ச், செப்டம்பர், அக்டோபர், டிசம்பர் என்று எங்கெங்கோ வந்தன, பொங்கலுக்கு வரவில்லை. ஓய்வு நாள் வழக்கமும் 1990களில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. தொலைக்காட்சிக்கு ஏற்ற அட்டவணையில் காணும் பொங்கலுக்கு இடமில்லை.

அடுப்படியில் நின்றவர் யார்?

இந்தப் பொங்கல் டெஸ்டைப் பற்றிப் பழைய சென்னைக்காரர்கள் பேச ஆரம்பித்தால் புளியோதரைப் பொட்டலம் தவறாமல் வரும். குடும்பத்தோடு போனோம், தயிர் சாதம் கட்டிக்கொண்டு போனோம், பக்கத்து இருக்கைக்காரருக்கும் கொடுத்தோம் என்பார்கள். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் ஒரு கணக்கு அதில் விட்டுப் போகிறது. பத்து மணி ஆட்டத்துக்கு எட்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்றால், பொங்கலும் வைத்துப் பொட்டலமும் கட்ட எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டியிருக்க வேண்டும்? மூட்டியது யார்?

ஆட்டத்துக்குப் போகாமல் வீட்டில் நின்றவர்களுக்கும் ஆட்டம் பிடிக்கும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். சென்னை டெஸ்டுகளுக்கு வானொலியில் தமிழ் வர்ணனை வந்த காலம் உண்டு. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றவர்கள் நல்ல தமிழில் வர்ணித்தார்கள். அந்தக் குரல் கூடத்தில் மட்டுமா கேட்டது? எத்தனையோ அடுப்படிகளில் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் டிரான்சிஸ்டர் பாடியது. அரிசி களைந்தபடியே ஸ்கோர் சொன்ன தாய்மார்களை நம் வாசகர்கள் பலர் கண்டிருப்பார்கள். ஆகவே, ரசிகர் ஒரு பக்கம், குடும்பம் ஒரு பக்கம் என்று பிரித்துப் பேசுவது தவறு. குடும்பத்திலேயே இரண்டு மூன்று ரசிகர்கள் உண்டு. ஒருவர் போக, மற்றவர் அவருக்காக வீட்டில் நிற்கிறார். கேள்வி, எப்போதும் ஒருவரே போகிறாரா, ஒருவரே நிற்கிறாரா என்பதுதான்.

வெளியூர்க்காரர் கண்ட வழி

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் கிறிஸ்துமஸ் அன்றே கால்பந்து லீக் ஆட்டங்கள் நடந்தன. ஆலைத் தொழிலாளிக்கு விடுமுறை கிடைப்பதே அரிது; கிடைத்த நாளில் காலை ஆட்டம், பகல் விருந்து என்று வைத்துக்கொண்டார்கள். பெரும்பாலும் அக்கம்பக்கத்து ஊர் அணிகளையே மோத விட்டார்கள். ரசிகரும் ஆட்டக்காரரும் நேரத்தோடு வீடு திரும்பலாம் அல்லவா? 1957க்குப் பிறகு அந்த வழக்கம் தேய்ந்தது. இங்கிலாந்தில் கடைசியாக 1965 கிறிஸ்துமஸ் அன்று பிளாக்பூல் அணி பிளாக்பர்ன் அணியை 4-2 என்று வென்றது. ரயிலும் பஸ்ஸும் அன்று ஓடாமற்போனது ஒரு முக்கிய காரணம். வண்டி ஓட்டுபவருக்கும் வீடு உண்டு, பிள்ளை குட்டி உண்டு என்பது ஊருக்குப் புரிந்தது. ஆட்டம் மறுநாளான 26ஆம் தேதிக்கு நகர்ந்து நிலைத்தது. அந்த 26ஆம் தேதி 1963இல் முதல் பிரிவின் பத்து ஆட்டங்களில் 66 கோல்கள் விழுந்தன என்றால், ஒரு நாள் பொறுத்ததால் ரசிகருக்கு நஷ்டம் ஏதுமில்லை!

நம் மதுரைச் சீமையில் இந்த ஞானம் எப்போதோ வந்துவிட்டது. தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு முறை வைத்து நடக்கிறது. ஓர் ஊரில் ஆட்டம் நடக்கும்போது மற்ற ஊர் தன் பண்டிகையைப் பார்க்கும். எல்லாம் ஒரே நாளில் வேண்டும் என்று எவரும் அடம்பிடிப்பதில்லை.

இங்கே நம் நிலைமை

சென்னையில் பொங்கலன்று ஒருவர் மைதானத்துக்குப் போனாலும் தெருவே கோலமாக இருக்கும். அவர் வீட்டில் இல்லாவிட்டாலும் பண்டிகை நடக்கும். உல்லாஸ்நகர் அப்படியல்ல. பிரிவினைக்குப் பின் சிந்தி மக்களுக்காக எழுந்த ஊர் இது. 1949இல் இதற்கு அடிக்கல் நாட்டியவர் ராஜாஜி என்பது நமக்குப் பெருமைதான். என்றாலும் எதிர்வீட்டில் பானை பொங்காது. தமிழ்நாட்டில் போல மூன்று நாள் விடுமுறையும் இங்கே கிடையாது. லீவு போட்டால்தான் பொங்கல். வீட்டில் நான்கு பேர் இருந்து ஒருவர் போய்விட்டால் பண்டிகையில் கால் பங்கு போய்விட்டது என்று அர்த்தம்.

ஊருக்குப் போகிறவர்கள் கணக்கு இன்னும் கடினம். 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்திருக்கிறது. ஜனவரி 12 வண்டிக்கு நவம்பர் 13 காலையில் டிக்கெட் எடுக்க வேண்டும். நாலு நிமிஷம் தாமதித்தால் வெயிட்டிங் லிஸ்ட். கல்யாணில் ஏறித் திருநெல்வேலியில் இறங்க ஒன்றரை நாள் ஆகும். போக வரவே மூன்று நாள் லீவு. இந்த நிலையில் "அந்த வாரம் ஆட்டம் இருக்கிறது, நான் வரவில்லை" என்று பிள்ளை சொல்லும்போது ஒரு கணக்கை அவனிடம் அமைதியாகச் சொல்லலாம். ஒரு பருவத்தில் சொந்த மைதானத்தில் ஏழு முதல் பன்னிரண்டு ஆட்டங்கள் வரை நடந்திருக்கின்றன. ஊரில் காத்திருக்கும் தாத்தாவுக்கு வயது எழுபத்தெட்டு. வருஷத்துக்கு ஒரு பொங்கல். மீதி எத்தனை என்று அவனே எண்ணிக்கொள்ளட்டும். கோபிக்க வேண்டியதில்லை.

இன்னொரு கணக்கைப் பெரியவர்கள் பக்கமும் சொல்ல வேண்டும். பண்டிகை நான்கு நாள். ஆனால் எல்லோரும் கட்டாயம் ஒன்றாக இருக்க வேண்டிய நேரம் எவ்வளவு? பானை பொங்கும் வேளை, படையல், ஒரு பந்தி, பெரியவர்களை வணங்கும் நேரம். கூட்டினால் பத்து மணி நேரம் தேறாது. மீதி நேரத்தில் பிள்ளையைக் கூடத்தில் உட்கார வைத்து டெலிவிஷன் பார்க்கச் செய்வதில் என்ன குடும்ப ஒற்றுமை இருக்கிறது? அதற்கு அவன் அந்தேரிக்கே போய் வரலாம். தங்கையையும் அழைத்துப் போகலாம்.

ரயில்வேக்காரன் சொல்லும் முறை

ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் என்றால் மும்பையில் எல்லோருக்கும் கசப்பு. ஆனால் தண்டவாளத்தில் வேலை பார்த்த என் போன்றவனுக்கு அதில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. வண்டி ஓடும் பாதையில் நான் வேலை செய்ய வேண்டும். வண்டியும் ஓட வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் முடியாது. ஆகவே முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும்: எந்த இடம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை. அனுமதி வந்த பின்தான் தண்டவாளத்தில் கை வைக்கலாம். வேலை முடிந்ததும் பாதை சரி என்று கையெழுத்துப் போட்டு, சொன்ன நேரத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும். பத்து நிமிஷம் தாமதித்தால் பின்னால் பத்து வண்டிகள் நிற்கும். ஒரு முறை நேரம் தவறினால் அடுத்த முறை பிளாக் கேட்கும்போது கண்ட்ரோலில் சுலபமாகத் தர மாட்டார்கள்.

ரசிகர்களும் வீட்டில் இதே முறையைக் கையாளலாம். அட்டவணை வெளியான அன்றே பண்டிகை நாட்களோடு வைத்துப் பார்த்து, எந்த ஆட்டம் வேண்டும் என்று கேளுங்கள். கிளம்பும் நாளன்று சட்டை மாட்டிக்கொண்டே கேட்காதீர்கள். ஆட்ட நேரத்தைச் சொல்லாமல் வீடு திரும்பும் நேரத்தைச் சொல்லுங்கள்; தாதரில் மாறும் நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஞாயிறு என்றால் மெகா பிளாக் உண்டா என்று பார்த்துச் சொல்லுங்கள். போவதற்கு முன் உங்கள் பங்கு வேலையை முடியுங்கள்: கரும்பு, மஞ்சள் கொத்து, மண்பானை வாங்க மாட்டுங்காவுக்கோ செம்பூருக்கோ போக வேண்டியிருந்தால் அது உங்கள் வேலை. சொன்ன வண்டியில் திரும்புங்கள். மறுநாள் காலை கண்ணைக் கசக்காமல் எழுந்து கோலத்துக்கு வாசல் கழுவிக் கொடுத்தால், அடுத்த ஆட்டத்துக்கு நீங்கள் கேட்கவே வேண்டாம். வீட்டிலேயே டிக்கெட் வாங்கிக் கொடுப்பார்கள்.

அனுமதி கொடுக்கும் வீட்டாரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொடுத்த பிளாக்கை நடுவில் பிடுங்கக் கூடாது. சரி என்று சொல்லிவிட்டு, ஆட்டத்தின் இடைவேளையில் போன் போட்டு "சித்தப்பா வந்திருக்கிறார், உடனே வா" என்பது முறையல்ல. சித்தப்பாவும் ஒரு காலத்தில் சேப்பாக்கத்தில் வரிசையில் நின்றவராக இருப்பார். கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக நம் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு விண்ணப்பம். மும்பையில் நம் பொங்கல் விழாக்கள் பெரும்பாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்தி வைக்கப்படுகின்றன. மண்டபம் கிடைக்கும் நாளைப் பார்க்கிறோம், பேச்சாளர் வரும் நாளைப் பார்க்கிறோம். இளைஞர்கள் வரக்கூடிய நாளா என்று பார்ப்பதில்லை. 2023இல் பொங்கலும் மும்பை மாரத்தான் ஓட்டமும் ஜனவரி 15, ஞாயிறு என்று ஒரே நாளில் வந்ததே! விழாத் தேதி குறிக்கும் கூட்டத்தில் பஞ்சாங்கத்தோடு கால்பந்து அட்டவணையையும் மேஜையில் வையுங்கள். மெகா பிளாக் அறிவிப்பையும் பக்கத்தில் வையுங்கள். முன் வரிசையில் நரைத்த தலைகளுக்குப் பின்னால் கொஞ்சம் கறுத்த தலைகளும் தெரியும்.